அம்மப்பாவின் சீவுளி: விற்பதா, தீட்டுவதா, தொடாமல் வைப்பதா?

வாடைக்காற்று ஓய்ந்து, ஈரம் பிடித்த பெட்டிகளை முற்றத்து வெயிலில் வைக்கும் மாதத்தில் இந்தக் கேள்வி வருவது வழக்கம். இம்முறை மூன்று வீடுகளிலிருந்து வந்தது. உவர்மலையில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, சாம்பல்தீவில் கதவு யன்னல் செய்யும் ஓர் இளைஞர், தாய்வீட்டை ஒழுங்குபடுத்தக் கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவர். மூவரிடமும் இருந்தது முன்னோர் விட்டுச்சென்ற பழைய சீவுளி, மரத்தை இழைத்துச் சமப்படுத்தும் தச்சுக் கருவி. மூவரும் கேட்டதும் ஒன்றுதான்: "இதற்கு நல்ல விலை வருமா, அல்லது துலக்கி வைத்துக்கொள்ளலாமா?"

திருகோணமலையில் இப்படிப்பட்ட கருவிகள் கிடைப்பதில் வியப்பில்லை. 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது. சீனக்குடாவில் அவர்களுடைய விமானப்படை இருந்தது. 'டொக்யார்ட் வேலை' எத்தனையோ குடும்பங்களுக்குத் தலைமுறைகளாகச் சோறு போட்டது. அங்கே தச்சுப் பகுதியில் நின்றவர்களின் பெட்டிகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் இரும்பும் அமெரிக்க இரும்பும் சேர்ந்தன. பிறகு இடப்பெயர்வுகள், 2004இன் ஆழிப்பேரலை. எத்தனையோ பெட்டிகள் போயின. மிஞ்சியவற்றைத்தான் இப்போது பேரப்பிள்ளைகள் திறந்து பார்க்கிறார்கள்.

எதை வைத்து முடிவெடுப்பது

விலையை மட்டும் கேட்டால் விடை தவறாகத்தான் வரும். நான் ஐந்து விடயங்களைப் பார்ப்பேன். அது என்ன கருவி, யார் செய்தது? உறுப்புகள் எல்லாம் அதனுடையவையா? அதைப் பிடித்தவர் யார் என்பதற்கு வீட்டில் சான்று உண்டா? இனிமேல் அதைப் பிடிக்கப் போகும் கை எது? கடைசியாக, செய்துவிட்டுப் பிழை என்று தெரிந்தால் திரும்ப வர முடியுமா?

இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதலாவது. சும்மா வைத்த கருவியை நாளைக்குத் துலக்கலாம், நாளன்றைக்கு விற்கலாம். விற்றதை வாங்க முடியாது. தேய்த்து அழித்த முத்திரையை யாராலும் திரும்பக் குத்த முடியாது.

இதைப் பட்டுத்தான் அறிந்தேன். அப்பப்பாவின் கைத்துறப்பணம் (கையால் சுற்றித் துளையிடும் கருவி) ஒன்று என்னிடம் வந்தபோது, மின்துறப்பணத்தில் கம்பித் தூரிகையைப் பூட்டி ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்தேன். கண்ணாடிபோல் மின்னியது. அதன் பிடியருகே ஓர் அம்பும் நான்கு இலக்கங்களும் இருந்ததை, தேய்க்கும் முன் எடுத்த ஒரு படத்தில்தான் பிறகு கண்டேன். முதல் இரண்டு இலக்கம் 19. மற்ற இரண்டும் படத்தில் தெளிவில்லை, இரும்பிலும் இப்போது இல்லை.

துலக்கும் முன் வாசித்தல்

ஆகவே அரத்தாளையும் வினாகிரியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மென்மையான பல்துலக்கி, மெசின் எண்ணெய், பழந்துணி, ஒரு டோர்ச் ஆகியவற்றோடு உட்காருங்கள். டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் நேரே பார்க்கையில் தெரியாத எழுத்து நிழலோடு எழும். அப்போதும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள்.

இரும்புச் சீவுளியில் எழுத்து இருக்கும் இடங்கள் மூன்று: வார்ப்பு உடலின் மேற்பரப்பு, அலகை அழுத்திப் பிடிக்கும் மேல்மூடி, அலகின் தலைப்பகுதி. மூன்றில் அலகை நம்பாதீர்கள். அலகு தேய்ந்தால் மாற்றுவது தச்சரின் வழக்கம். அலகில் 'ஷெஃபீல்ட்' என்று இருப்பதால் உடலும் அங்கே பிறந்தது என்று ஆகாது. உடலில் வார்த்த எழுத்துத்தான் பிறப்புச் சான்றிதழ்.

பெரும்பாலும் வருவது இரண்டு பெயர்கள். ஒன்று அமெரிக்க ஸ்டான்லி. உடலின் முன்பக்கத்தில் 'பெய்லி' என்ற சொல் வார்த்திருந்தால் அது 1902க்குப் பிற்பட்டது. அலகு சாய்ந்திருக்கும் படிக்குப் பின்னால் காப்புரிமைத் திகதிகள் இருக்கலாம். 1902இன் இரண்டும் 1910இன் ஒன்றுமாக மூன்று திகதிகள் இருந்தால் ஏறத்தாழ 1910 முதல் 1918 வரையான தயாரிப்பு. மேல்மூடியில் திருகாணி நுழையும் துளை சிறுநீரக வடிவில் வளைந்திருந்தால் 1933க்குப் பின். அலகை ஏற்றியிறக்கும், பித்தளையாக இருக்க வேண்டிய திருகுசக்கரம் இரும்பாகவோ கறுப்பு ரப்பராகவோ இருந்தால், ஐயோ உடைந்ததை மாற்றிவிட்டார்கள் என்று வருந்த வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் பித்தளை ஆயுதத்துக்குப் போனது, சீவுளிக்குக் கிடைக்கவில்லை. மற்றப் பெயர் ரெக்கார்ட். ஷெஃபீல்டில் 1931 முதல் வந்தது, நீல வண்ணம் பூசியது. எண்ணுக்கு முன் பூச்சியம் போடுவார்கள்: ஸ்டான்லியின் 4 இவர்களிடம் 04.

அந்த எண் அளவைக் குறிக்கும், தரத்தை அல்ல. இலக்கம் 4 ஏறத்தாழ ஒன்பது அங்குல நீளம். 5 பதினான்கு அங்குலம். 7 இருபத்திரண்டு அங்குலம். நான்கும் ஐந்தும் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. எவ்வளவு பழையதானாலும் அவை சாதாரணமானவைதான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஐந்தரை அங்குல இலக்கம் 1 கிடைத்தால் உடனே துணியில் சுற்றி வைத்துவிட்டுப் பேசுங்கள். ஸ்டான்லியின் 600 வரிசை எண் (602 முதல் 608 வரை) இருந்தாலும் அப்படியே. இரும்புப் பெட்டிக்குள் மரத்தை அடைத்துச் செய்த, லண்டன் நொரிஸ் அல்லது ஸ்கொட்லாந்து ஸ்பியர்ஸ் பெயர் கொண்ட கனத்த சீவுளியும் சேகரிப்பாளர்கள் தேடுவது.

முழுதும் மரத்தாலான சீவுளி என்றால் முன் முகப்பைப் பாருங்கள். செய்தவர் பெயர் அங்கேதான் குத்தியிருக்கும். ஆனால் வேலைத்தளத்தில் கருவி மாறாமலிருக்கத் தச்சர்களும் தங்கள் பெயரெழுத்தைக் குத்திக்கொள்வார்கள். ஒரே பெயர் இரண்டு மூன்று இடங்களில் குத்தியிருந்தால் அது பெரும்பாலும் சொந்தக்காரருடையது. உவர்மலை ஆசிரியை இணையத்தில் இரண்டு வாரம் தேடியும் கிடைக்காத 'கம்பனி', கடைசியில் அவருடைய அம்மப்பாவின் முதலெழுத்துகளாக முடிந்தது. எனக்கு அது இழப்பாகத் தோன்றவில்லை.

பிறகு அம்பு. மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அகன்ற அம்பு, பிரித்தானிய அரசுச் சொத்து என்பதன் குறி. ஆங்கில எழுத்து 'சி'க்குள் அம்பு நின்றால் கனடா. இரண்டு 'டி'க்களுக்கு நடுவே நின்றால் அவுஸ்திரேலியா. முடியும் அதன்கீழ் 'ஏ எம்' என்ற எழுத்துகளும் இருந்தால் விமான அமைச்சு. சீனக்குடாப் பக்கத்து வீடுகளில் அதைக் காண வாய்ப்புண்டு. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால், அரசு அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். ஒற்றை அம்பு மட்டும் இருக்கிறதே, அப்பப்பா களவெடுத்தாரோ என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கழித்த பொருளிலெல்லாம் இரண்டாவது அம்பைத் தவறாமல் குத்தினார்கள் என்று சொல்ல முடியாது. ஒற்றை அம்புக் கருவிகள் இங்கிலாந்துச் சந்தைகளில் வெளிப்படையாகவே விற்கின்றன. பெரியவரை நிம்மதியாக இருக்க விடுங்கள்.

அம்பு விலையைக் கூட்டும் என்பதால் போலிகளும் உண்டு. உண்மையான அம்பின் குழிக்குள்ளும் சுற்றியுள்ள இரும்பின் அதே கறுப்பு இருக்கும். குழி மட்டும் பளிச்சென்றால் குத்தியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

கடைசியாக உடல்நலம். வாய் எனப்படும் அந்த நீள்துளையின் இரு ஓரங்களிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா? உடலை நூலில் தூக்கி விரலால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மொத்தென்றால் வெடிப்பு. அலகில் வெட்டத் தக்க உருக்கு எவ்வளவு மீதம்? கடல்நீரில் கிடந்ததா? மேல்துரு துணியோடு வரும். உப்புநீர்த் துரு இரும்பைக் குழிகுழியாகத் தின்றிருக்கும். அடிப்பரப்பில் சில குழிகள் வேலையைக் கெடுக்காது. அலகின் முதுகில், வெட்டும் விளிம்பருகே குழி இருந்தால் அந்த அலகு கூர்மை பிடிக்காது.

நான்கு வழிகள், ஒரு பார்வையில்

| | விற்பது | தீட்டிப் பயன்படுத்துவது | தொடாமல் வைப்பது | நூதனசாலைக்குக் கொடுப்பது |
|---|---|---|---|---|
| எதற்குப் பொருந்தும் | அரிய எண், முழுமையான கருவி, வீட்டில் கதை இல்லாதது | இலக்கம் 4, 5 போன்ற சாதாரணமானவை | முத்திரை தெளிவானவை, முடிவெடுக்காதவை | பெயர், ஆண்டு, ஆவணம் சேர்ந்தவை |
| கையில் வருவது | பணம், ஒருமுறை | கருவி, தினமும் | எதுவுமில்லை | ஒரு பற்றுச்சீட்டு, ஒரு பெயர்ப்பலகை |
| மறைந்திருக்கும் செலவு | அனுப்புகூலி, அனுமதி, ஏமாற்று | அலகு, நேரம், முத்திரை அழிவு | எண்ணெய், ஆண்டுதோறும் கவனிப்பு | களஞ்சிய இருட்டில் கிடப்பது |
| திரும்ப வரலாமா | முடியாது | பாதி | முழுக்க | பெரும்பாலும் முடியாது |

விற்பது

பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுப்பதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை. இலக்கம் 4 இரண்டு கிலோகூட வராது. இரண்டு கிலோ இரும்புக்கு என்ன தருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

உள்ளூர் ஓடாவியாரிடம் விற்பது நேர்மையான வழி. ஆனால் கூட்டம் சுருங்கிவிட்டது. மரவள்ளம் கட்டிய கரைகளில் இப்போது ஃபைபர் படகு நிற்கிறது. பட்டறைகளில் மின்சீவுளி இரைகிறது. வாங்குபவர் பழமைக்குக் காசு தரமாட்டார், வெட்டுக்குத்தான் தருவார். அதில் பிழையில்லை. வெட்டும் நிலையில் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் கூடத் தருவார்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்பதில்தான் எல்லோருடைய கனவும். இணையத்தில் ஒருவர் பெருந்தொகை கேட்டிருப்பதைக் கண்டுவிட்டு வருகிறார்கள். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. ஏல இணையத்தளங்களில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. அதில் உங்கள் கருவியின் அதே எண், அதே காலம், அதே நிலை உள்ள ஐந்தாறைப் பார்த்து நடுவில் வருவதை எடுங்கள். அதிலிருந்து அனுப்புகூலியைக் கழியுங்கள். வார்ப்பிரும்பு கனமானது, விழுந்தால் உடைவது. அதைத் தாங்கும் பொதியும் கனக்கும். சாதாரண இலக்கம் 4ஐ இங்கிருந்து லண்டனுக்கு அனுப்பும் கூலி அதன் விலையையே விழுங்கிவிடலாம்.

கைப்பிடியையும் பாருங்கள். பழைய ஸ்டான்லிகளில் பெரும்பாலும் ரோஸ்வூட். அவற்றுள் பிரேசில் ரோஸ்வூட், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையில் 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. சுங்கத்தில் மறிபடக்கூடும். நமது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 என்ற நாளை எல்லையாக வைப்பதால் டொக்யார்ட் சீவுளி அதற்குள் சிக்குவதில்லை. ஆயினும் 1988ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டமும் ஏற்றுமதியைப் பற்றியதே. அரிய பொருளானால் பொதி கட்டும் முன் தொல்பொருளியல் திணைக்களத்திடம் ஒரு கடிதம் கேட்டு வைப்பது நல்லது.

இத்தனையும் தாண்டி விற்பது சரியாகும் இடம் உண்டு. கருவி உண்மையில் அரியது, உறுப்பு எதுவும் மாறவில்லை, வீட்டில் யாருக்கும் அதன்மேல் நினைவு இல்லை, நான்கு உடன்பிறந்தார் பங்கு கேட்கிறார்கள். அப்போது விற்றுப் பணத்தைப் பகிர்வது குடும்பத்துக்கு நல்லது. துலக்காமலே விற்றுவிடுங்கள். துலக்குவதா வேண்டாமா என்பது வாங்குபவரின் உரிமை.

தீட்டிப் பயன்படுத்துவது

என் சாய்வை மறைக்கவில்லை. சாதாரணக் கருவிக்கு இதுதான் வழி. இன்று கடையில் கிடைக்கும் மலிவான புதுச் சீவுளியைவிட, எண்பது வருடப் பழைய இலக்கம் 5 பெரும்பாலும் மேல். வார்ப்பு நன்றாக அடங்கியிருக்கும், அலகின் உருக்கு கூர்மையை ஏற்கும்.

மின்சீவுளி இருக்க இது எதற்கு என்று கேட்பவர்கள் மார்கழியில் என் வீட்டுக்கு வரலாம். மழை ஈரத்தில் முதிரைக் கதவு ஊதி நிலையில் இறுகும்போது எடுக்க வேண்டியது ஒரு தாளளவு. மின்சீவுளி அவ்வளவு நாசூக்காக எடுக்காது. கைச்சீவுளியால் இரண்டு இழுவை போதும். அதிகம் எடுத்தீர்களோ, கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து அந்தக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஓணான் புகும்.

செலவைச் சொல்ல வேண்டும். அலகு தேய்ந்திருந்தால் புதியது வாங்க வேண்டும், வெளியிலிருந்து வரவழைக்க நேரலாம். திருகாணி தொலைந்திருந்தால் தலைவலி. ஸ்டான்லி கைப்பிடித் திருகாணிகளின் மரை 12-20 என்ற வழக்கில் இல்லாத அளவு. கடையிலுள்ள எதுவும் பொருந்தாது. பொருந்தாததை முறுக்கி ஏற்றினால் உடலின் மரை போய்விடும். கடைசல்காரரிடம் ஒன்று வெட்டுவிப்பதுதான் வழி.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். தடித்த கண்ணாடியில் அரத்தாளை ஒட்டி அலகின் முதுகைத் தட்டையாக்கவே ஒரு காலை போகும். பிறகு தீட்டுக்கல்லில் 25 பாகைச் சரிவு, விளிம்பில் மட்டும் 30. முழங்கை மயிர் வழியும்வரை தீட்டுங்கள். துருவுக்கு எண்ணெயும் நுண்ணிய இரும்புப் பஞ்சும் போதும். வினாகிரியில் இரவு முழுக்க ஊறவிட்டால் வார்ப்பிரும்பு சாம்பல் நிறமாகிச் சொரசொரக்கும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காயச் சுரண்டித் தூசி கிளப்ப வேண்டாம், பிள்ளைகள் உள்ள வீட்டில் தொடவே வேண்டாம். முத்திரை உள்ள இடங்களில் மறைப்பு நாடா ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நான் ஒட்டவில்லை.

தொடாமல் வைப்பது

சோம்பேறி வழி என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் அப்படியல்ல. கடலிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் வீட்டில் இரும்பைச் சும்மா வைத்தால் அது சும்மா இருக்காது. வாடை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எண்ணெய்த் துணியால் ஒற்ற வேண்டும். மெசின் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் காறிப் பிசினாகும். சுவரில் ஆணியடித்து மாட்டினால் அழகுதான், உப்புக்காற்றுக்கும் அழகுதான். துணியில் சுற்றி, காற்றுப் புகாத பெட்டியில், நிலத்தில் படாமல் வையுங்கள். பொலித்தீன் உறைக்குள் ஈரம் வியர்க்கும்.

கூடவே ஒரு தாள் வையுங்கள்: யாருடையது, எந்தப் பகுதியில் வேலை செய்தார், எந்த ஆண்டுகள், யார் சொன்னது. அந்த விவரம் தெரிந்த அம்மம்மா இருக்கும்போதே எழுத வேண்டும்.

நூதனசாலைக்குக் கொடுப்பது

ஒல்லாந்தர் காலக் கடற்படை ஆணையர் மாளிகையில் நமது கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று நூதனசாலை இயங்குகிறது. எந்த நூதனசாலையானாலும் தேடுவது இரும்பை அல்ல, சான்றை. பெயரில்லாத சீவுளியைவிட, வேலை அட்டையோடும் ஒரு பழைய படத்தோடும் வரும் முறிந்த உளி மேல். கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: இது நன்கொடையா, இரவலா? காட்சிக்கு வைக்காவிட்டால் திருப்பித் தருவீர்களா? அம்மப்பாவின் பெயர் அருகே வருமா? பதில் தெளிவில்லாவிட்டால் படங்களையும் விவரங்களையும் கொடுத்துவிட்டுக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அந்த மூன்று வீடுகள்

சாம்பல்தீவு இளைஞரிடம் இருந்தது ரெக்கார்ட் 05, அம்பில்லை, கைப்பிடியின் கொம்பு முறிந்தது. தீட்டச் சொன்னேன். வேப்பமரத்தில் தானே புதுப் பிடி செதுக்கி, இப்போது வேலைக்குக் கொண்டுபோகிறார். பழைய பிடியை எறிய வேண்டாம் என்றும் சொன்னேன். எறிந்துவிட்டார்.

ஆசிரியையின் மரச்சீவுளிக்குச் சந்தையில் விலையே இல்லை. முதலெழுத்துகள் இருக்கின்றன, டொக்யார்ட் அட்டை இருக்கிறது, தொண்ணூற்றொரு வயது அம்மா இருக்கிறார். நூதனசாலையா வீடா என்று இன்னும் யோசிக்கிறார். யோசிக்கட்டும், அவசரமில்லை. அம்மாவிடம் கேட்டு எழுதுவதை மட்டும் இந்த வாரமே செய்யும்படி சொன்னேன்.

கனடாக்காரரின் ஸ்டான்லி 4இல் அம்பும் 1943உம் இருந்தன. மேல்மூடி வேறொரு கருவியுடையது. விற்றால் பெரிதாக வராது. வீட்டையும் விற்றுவிட்டுப் போகிறவருக்கு அதையாவது கொண்டுபோக மனம். துலக்காமல், எண்ணெய் ஒற்றிச் சுற்றிக் கொடுத்தேன். அலகைக் கழற்றித் தனியே கட்டி, முழுவதையும் பெரிய பயணப்பொதிக்குள் போடும்படி சொல்லியனுப்பினேன். கைப்பையில் வைத்தால் கட்டுநாயக்காவில் பறித்துவிடுவார்கள்.